பாதிப் படிப்பு பாக்கி இருக்கிறது

(பொறியியல் கல்லூரி ஒன்றில், முதலாம் ஆண்டு மாணவர்களுக்குப் பாடம் சொல்லித்தர முன்வந்த மூத்த மாணவர்களிடையே ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போது நோட்டீஸ் போர்டைப் பார்த்தேன். ‘சேவை மனப்பான்மையுள்ள மூத்த மாணவர்கள் பெயர் கொடுக்கலாம்’ என்று ஒட்டியிருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் அதைப் படிக்கிறவருக்கு, இந்த ஏற்பாட்டில் கொடுக்கிறவர் சீனியர், வாங்கிக்கொள்கிறவர் ஜூனியர் என்று தோன்றும். நான் கண்டது வேறு. இப்படிச் சொல்லித்தந்த பிள்ளைகளைப் பல வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். செமஸ்டர் முடிவில் ஜூனியர் பாஸாகிறான். சீனியரோ வேறு ஆளாகவே மாறிவிடுகிறான். ஜூனியர் பாஸாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். சீனியர் மாறுவதைப் பற்றி நான் பேசுகிறேன்.

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலை நாம் எழுத்துக்கும் சொல்லுக்குமான இலக்கணமாக மட்டுமே பள்ளியில் பார்த்தோம். 13ஆம் நூற்றாண்டு நூல் அது. அதன் தொடக்கத்தில் பொதுப்பாயிரம் என்று ஒரு பகுதி இருக்கிறது. பாடம் சொல்லுகிறவர் எப்படி இருக்க வேண்டும், கேட்கிறவர் எப்படிக் கேட்க வேண்டும் என்று பேசுகிற அந்த இடத்தில் ஒரு கணக்கு வருகிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு ஒழுங்காக வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் வந்து சேரும். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு வரும். மீதி அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போது வரும். கால், கால், அரை. கணக்கு வாத்தியார் நான், கூட்டிப் பார்த்துவிட்டேன். சரியாக ஒன்று வருகிறது.

இந்தக் கணக்கை நம் கல்லூரிகள்மேல் வைத்துப் பாருங்கள். கட்டடம், கட்டணம், ப்ரொஜெக்டர், வருகைப் பதிவேடு எல்லாம் முதல் கால் பங்குக்காக. இரண்டாவது கால் பங்கு ஹாஸ்டல் வராந்தாவில், பரீட்சைக்கு முந்தின இரவு, யாரும் ஏற்பாடு செய்யாமலே நடந்துவிடுகிறது. அரைப் பங்குக்கு டைம்டேபிளில் ஒரு பீரியட்கூட இல்லை. நாலு வருஷம் படித்து, நல்ல கிரேடும் வாங்கி, பாதிப் படிப்போடு வெளியே போகிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

சொல்லித்தருவது பெரியவர்கள் வேலை, பிள்ளைகளால் ஆகாது என்று யாராவது சொன்னால் சென்னை எழும்பூரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் அங்கே, படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். அந்த ஊர்த் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். நம் பள்ளியிலும் இப்படிச் செய்யலாமே என்று ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்களால் காரியம் ஆகவில்லை. ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, அரிச்சுவடி வகுப்புக்கு நீ சொல்லிக்கொடு என்று விட்டார். பையன் சொல்லிக்கொடுத்தான், பிள்ளைகள் எழுதினார்கள். பெல் ஊர் திரும்பி 1797இல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு அது பிரிட்டன் முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், அவர் விட்டுச்சென்ற பணத்தில் 1830களில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

ஆனால் அந்த முறை நெடுநாள் நிற்கவில்லை. ஒரே ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் செலவில்லாமல் சமாளிக்கிற வழியாக அதை ஆக்கிவிட்டார்கள். மேலே இருந்து வந்த பாடத்தை மானிட்டர் ஒப்பித்தான், எதிரே இருந்தவர்கள் திருப்பி ஒப்பித்தார்கள். மானிட்டர் கையில் அதிகாரம் இருந்தது. கேள்வி கேட்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அது ஓய்ந்துபோனது. நம் ஊர்ச் சட்டாம்பிள்ளையும் அப்படிப்பட்டவன்தானே! வாத்தியார் இல்லாத நேரத்தில் பிரம்பைக் கையில் எடுக்கிறவன். நாளைக்கு நீங்கள் ஒரு ஜூனியர் பக்கத்தில் உட்காரும்போது உங்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று சட்டாம்பிள்ளை வழி. அதில் போனால் நன்னூல் சொன்ன அரைப் பங்கு கிடைக்காது.

இன்னொரு வழியை ஒரு நிகழ்ச்சியால் காட்டுகிறேன்.

நான் வேலை பார்த்த கல்லூரியில் மாலை நேரம் நூலகத்தின் ஒரு மூலையில் இதுபோன்ற வகுப்பு நடக்கும். சொல்லித்தர வந்தவள் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவி, எம் ஒன் என்கிற முதல் செமஸ்டர் கணக்குப் பாடத்தில் ஓ கிரேடு. கேட்க வந்தவன் கிராமத்து அரசுப் பள்ளிப் பையன், வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவன். பாடம் மேட்ரிக்ஸ், ஐகன் வேல்யூ கண்டுபிடிக்கிற கணக்கு. உங்களுக்கெல்லாம் மனப்பாடமாக இருக்கும்: மூலைவிட்ட எண்களைக் கூட்டினால் எஸ் ஒன், அவற்றின் மைனர்களைக் கூட்டினால் எஸ் டூ, டிட்டர்மினன்ட் எஸ் த்ரீ. ஈக்வேஷனில் போட்டுக் கால்குலேட்டரைத் தட்டினால் லாம்டா வந்து விழும். அவளும் மடமடவென்று போட்டுக் காட்டினாள். பையன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“அக்கா, இந்த லாம்டான்னா என்னக்கா?”

“அதான் ஐகன் வேல்யூ.”

“ஐகன் வேல்யூன்னா?”

“இந்த ஈக்வேஷனோட ரூட்டு.”

“அது தெரியுதுக்கா. அது எதைச் சொல்லுது?”

அவள் பேனாவை மூடினாள். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தாள். “நாளைக்குச் சொல்றேன் தம்பி” என்றாள்.

மறுநாள் கிராஃப் ஷீட்டோடு வந்தாள். ஒரு சின்ன மேட்ரிக்ஸ் எழுதினாள்: மேல் வரிசை 2, 1, கீழ் வரிசை 1, 2. பென்சிலை அவன் கையில் கொடுத்து (1, 0) என்ற புள்ளிக்கு அம்பு போடச் சொன்னாள். அதை மேட்ரிக்ஸால் பெருக்கச் சொன்னாள். (2, 1) வந்தது. “அம்பு திரும்பிருச்சுக்கா” என்றான். (0, 1) போட்டான், (1, 2) வந்தது. அதுவும் திரும்பியது. (1, 1) போட்டான், (3, 3) வந்தது. ஸ்கேலை வைத்துப் பார்த்தான்.

“இது திரும்பவே இல்லக்கா. அதே கோட்டுல நீண்டுருக்கு.”

“எத்தனை மடங்கு?”

“மூணு.”

“அந்த மூணுதான் லாம்டா. திரும்பாம நிக்குது பாரு, அந்த அம்புதான் ஐகன் வெக்டர். இன்னொரு அம்பு இருக்கு, நீயே கண்டுபிடி.”

அவன் என்னென்னவோ போட்டுப் பார்த்தான். (1, −1)க்கு வந்து சேர வெகுநேரம் ஆனது. அது திரும்பவும் இல்லை, நீளவும் இல்லை, லாம்டா ஒன்று. அதுவரை அவள் வாயைத் திறக்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு துடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டமான பகுதி.

இதில் யார் அதிகம் கற்றார்கள் என்று சொல்லுங்கள். பையனுக்கு ஒரு கருத்து பிடிபட்டது. அவளுக்கோ, ஓ கிரேடு வாங்கிய பாடத்தின் அடிப்படையே தனக்குப் பிடிபடவில்லை என்று தெரிந்தது. தேடினால் ஒரே ராத்திரியில் அதைப் பிடித்துவிடலாம் என்று தெரிந்தது. ‘நாளைக்குச் சொல்றேன்’ என்று ஜூனியரிடம் சொல்வதால் மரியாதை குறையாது என்றும் தெரிந்தது. பிறகு அதிர்வியல் பாடத்தில் நேச்சுரல் ஃப்ரீக்குவென்ஸி வந்தபோது, இங்கேயும் அதே ஐகன் வேல்யூதானே உட்கார்ந்திருக்கிறது என்று வகுப்பில் முதலில் கண்டுகொண்டவள் அவள்தான். அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது எங்கள் துறை அல்ல, அந்தப் பையனின் கேள்வி.

தெரிந்துவிட்டது என்ற நினைப்பு பொல்லாதது. 2002இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோசன்பிளிட், கைல் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஜிப், பூட்டு, தையல் மெஷின், கழிவறை ஃப்ளஷ் போன்ற பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்று தங்களுக்கு எந்த அளவுக்குத் தெரியும் என்பதற்கு, ஆய்வில் கலந்துகொண்டவர்களை மார்க் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். எல்லோரும் தாராளமாகவே போட்டுக்கொண்டார்கள். இப்போது படிப்படியாக விளக்கி எழுதுங்கள் என்றார்கள். எழுதிப் பார்த்த பிறகு அவர்களே தங்கள் மார்க்கைக் குறைத்துக்கொண்டார்கள். பரீட்சை இந்த வேலையைச் செய்வதில்லை. பரீட்சை கேட்கிற கேள்விக்கு நாம் தயாராகப் போகிறோம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஜூனியர் கேட்கப்போகிற கேள்வி எந்தக் கொஸ்டின் பேங்கிலும் இருக்காது.

அதற்காக, சொல்லித்தந்தாலே அறிவு தானாக வளர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ராட் ரோஸ்கோ, மிஷெலின் சி என்ற இரண்டு ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு மாணவர்கள் சொல்லித்தருவது பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் எழுதினார்கள். சொல்லித்தருகிறவர்களில் பெரும்பாலோர் தெரிந்ததை அப்படியே எடுத்துக் கொட்டுகிறார்கள். அதனால் அவர்களுக்குப் பெரிய ஆதாயம் இல்லை. சொல்லும்போதே யோசித்து, ஒன்றோடொன்றை இணைத்து, நாம் சொல்வது சரிதானா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறவர்தான் வளர்கிறார். அப்படி யோசிக்க வைப்பதும் பெரும்பாலும் எதிரில் இருப்பவரின் நல்ல கேள்விதான். ஆகவே உங்கள் வளர்ச்சி உங்கள் வாயில் இல்லை, ஜூனியர் வாயில் இருக்கிறது. அவன் வாயைத் திறக்க வைப்பதுதான் உங்கள் வேலை.

எப்படித் திறக்க வைப்பது? மூன்று பழக்கங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, ‘புரிஞ்சுதா?’ என்று கேட்காதீர்கள். நம் வகுப்பறைகளில் இதைவிட வீணான கேள்வி கிடையாது. ‘புரிஞ்சுதுண்ணா’ என்று பதில் வரும். உங்கள் மனம் நோகக் கூடாது என்பதற்காக வருகிற பதில் அது. சீக்கிரம் முடிந்தால் மெஸ்ஸுக்குப் போகலாம் என்றும் வரும். ‘இப்ப நீ எனக்குச் சொல்லு’ என்று கேளுங்கள். அவன் சொல்லத் தொடங்கி எந்த வரியில் நிற்கிறானோ, அங்கேதான் பாடம் ஆரம்பிக்கிறது.

இரண்டாவது, கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசுகிறார்கள் என்றும் கண்டார். மூன்று விநாடி மௌனம் எவ்வளவு நீளம் என்று இன்று ராத்திரி உங்கள் ரூம்மேட்டிடம் சோதித்துப் பாருங்கள். தாங்க முடியாது. தாங்கப் பழகியவர்கள் பிற்பாடு நல்ல மேனேஜர்களாகவும், நல்ல டாக்டர்களாகவும், நல்ல அப்பா அம்மாவாகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, பேனா யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் கட்டுரை எழுத உதவுவதற்கென்றே மாணவர்களே சொல்லித்தரும் எழுத்து மையங்கள் உண்டு. ஜெஃப் புரூக்ஸ் என்பவர் 1991இல் அவர்களுக்காக எழுதிய கட்டுரை ஒன்று இன்றும் பயிற்சியில் படிக்கப்படுகிறது. எதிரே உட்காராதே, பக்கத்தில் உட்கார். தாள் எழுதியவன் முன்னால் இருக்கட்டும். உன் கையில் பேனா வேண்டாம் என்று அதில் சொல்கிறார். எளிய யோசனைதான், ஆனால் எல்லா நேரத்துக்கும் பொருந்தாது. ஒன்றுமே தெரியாமல் தவிக்கிறவனிடம் ‘நீயே போடு’ என்று கைகட்டி உட்கார்ந்தால் அது கொடுமை. ஒரு கணக்கை நீங்கள் போட்டுக் காட்டுங்கள். அடுத்த கணக்குக்குப் பேனா கைமாறிவிட வேண்டும்.

இனி, கொஞ்சம் சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன். உதவி தேவைப்படுகிறவன் ஏன் வர மாட்டேன் என்கிறான்? கூச்சம்தான். நம் கல்லூரிகள் பலவற்றில் கல்லூரியைப் பார்வையிட வரும் ஆய்வுக் குழுவுக்குக் காட்டுகிற கோப்பில் ‘ஸ்லோ லேர்னர்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலை நோட்டீஸ் போர்டிலும் ஒட்டுகிறவர்கள் உண்டு. பெயரைப் பார்த்த பிள்ளை அன்றைக்கே அந்த வகுப்புக்கு முழுக்குப் போட்டுவிடுவான். பன்னிரண்டாம் வகுப்பு வரை ஊரிலேயே நன்றாகப் படிக்கிற பிள்ளை என்று பெயர் எடுத்தவன் அவன். இங்கே வந்து, எல்லாம் இங்கிலீஷில் நடக்கிற வேகத்தில், முதல் இன்டர்னலில் ஒற்றை இலக்கத்தில் மார்க் வாங்கி, வீட்டில் சொல்ல முடியாமல் நிற்கிறான். அவனைப் பார்த்து ஸ்லோ என்கிறோம்.

அமெரிக்காவின் கான்சஸ் நகரில் மிசூரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டியானா மார்ட்டின் 1973இல் இதற்கு ஒரு வழி கண்டார். பலவீனமான மாணவர் யார் என்று தேடுவதை விட்டுவிட்டு, அதிகம் பேரைக் கவிழ்க்கிற பாடம் எது என்று தேடினார். அந்தப் பாடத்தை முன்பே நன்றாக முடித்த மாணவர் ஒருவர் மறுபடி அதே வகுப்பில் போய் உட்காருவார். வாரா வாரம் அந்தப் பாடத்துக்கென்று தனிக் கூட்டம் நடத்துவார். யார் வேண்டுமானாலும் வரலாம், டாப்பரும் வரலாம். கஷ்டம் என்ற முத்திரை பாடத்தின்மேல் விழுந்தது, பிள்ளையின்மேல் விழவில்லை. இந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் போனது.

முத்திரை குத்தாத இன்னொரு வழியும் உண்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் யூரி டிரெய்ஸ்மன் என்பவர் 1970களில் கால்குலஸ் படிக்கும் மாணவர்களைக் கூடவே இருந்து கவனித்தார். கருப்பின மாணவர்கள் பலர் கடுமையாக உழைத்தார்கள், ஆனால் தனியாக உழைத்தார்கள். சீன அமெரிக்க மாணவர்கள் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள், ஒருவர் தப்பை ஒருவர் திருத்தினார்கள், அதே மேசையில் சாப்பிட்டார்கள். டிரெய்ஸ்மன் ஏற்படுத்திய பட்டறையில் எளிய கணக்குகள் தரவில்லை. வகுப்பில் தருவதைவிடக் கடினமான கணக்குகளைத் தந்து சேர்ந்து போட வைத்தார். தோற்பார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டவர்கள் நன்றாகத் தேறினார்கள். முதல்வர் அவர்களிடம் என் வேண்டுகோள்: நீங்கள் தொடங்கப்போகும் வகுப்பின் கதவில் ‘எம் ஒன், எல்லோரும் வரலாம்’ என்று மட்டும் எழுதுங்கள். வேறு பெயர் எதுவும் வேண்டாம்.

சரி, சீனியர்களுக்கு என்ன மிஞ்சுகிறது என்று கேட்பீர்கள். ப்ளேஸ்மென்ட் இன்டர்வியூவில் சொல்லிக்கொள்ளலாம் என்பது உண்மைதான், அதில் தப்பும் இல்லை. ஆனால் அது உப்புச்சப்பில்லாத லாபம். 2010இல் பிராட் ஹியூஸ், பாலா கில்லெஸ்பி, ஹார்வி கேல் என்ற மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று அமெரிக்கக் கல்வி நிலையங்களின் எழுத்து மையங்களில் மாணவப் பருவத்தில் பயிற்றுநராக இருந்த 126 பேரைக் கேட்டு எழுதியது அது. படிப்பை முடித்து வேலைக்கும் குடும்பத்துக்கும் போனவர்கள் அவர்கள். அந்த வேலையிலிருந்து என்ன எடுத்துச் சென்றீர்கள் என்ற கேள்விக்கு வந்த பதில்களில் திரும்பத் திரும்ப வந்த ஒன்று, காது கொடுத்துக் கேட்கக் கற்றுக்கொண்டோம் என்பது. தன்னம்பிக்கையும், பிறர் எழுதியதை நுணுகிப் பார்க்கிற திறமையும், சேர்ந்து வேலை செய்வதில் உண்டான நம்பிக்கையும்கூட அந்தப் பதில்களில் இருந்தன.

நான் பார்த்ததும் இதுதான். முதல் மாதம் சீனியர் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவார். இரண்டாவது மாதம் எரிச்சல்படுவார். இவ்வளவு சுலபமானது இவனுக்கு ஏன் ஏறவில்லை என்பார். நின்றுவிடுகிறவர்கள் இங்கேதான் நிற்கிறார்கள். தாண்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம் உறைக்கும்: தப்பாகப் போட்ட கணக்குக்குள்ளும் ஒரு நியாயம் இருக்கிறது. (ஏ + பி) இன் வர்க்கம் என்பதை ஏ வர்க்கம் கூட்டல் பி வர்க்கம் என்று எழுதுகிற பிள்ளை முட்டாள் அல்ல. இரண்டால் பெருக்கும்போது அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டுக்கும் பங்கு போகிறதே, வர்க்கத்துக்கும் அப்படித்தான் என்று அவன் நம்புகிறான். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவனுக்கு, வீட்டில் தம்பியோடும் ஆபீஸில் கூட வேலை செய்கிறவரோடும் சண்டை பாதியாகக் குறைந்துவிடும். எதிராளி சொல்வதற்குள் ஒரு நியாயம் இருக்கும் என்று அவனுக்குப் பழகிவிட்டதே!

இந்த வேலையில் வழுக்குகிற இடங்களும் உண்டு. அசைன்மென்ட்டை நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள், நட்புக்காகக்கூட வேண்டாம். ஜூனியரின் மார்க்கையும் தடுமாற்றத்தையும் ஹாஸ்டலில் கதையாகச் சொல்லாதீர்கள். ஒரு தடவை வெளியே போனால் அவன் மறுபடி வர மாட்டான், அவனோடு இன்னும் பத்துப் பேர் வர மாட்டார்கள். உங்கள் சொந்தப் பாடம் கெடும் அளவுக்கு நேரம் கொடுக்காதீர்கள். சில நாள் பையன் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பான். காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டான், அல்லது வீட்டில் ஏதோ நடந்திருக்கும். கேளுங்கள். ஆனால் எல்லாவற்றையும் நீங்களே தீர்க்க நினைக்காதீர்கள். ‘இருக்கவே பிடிக்கலண்ணா’ என்று யாராவது சொன்னால் அதை ரகசியமாக வைத்திருப்பது நட்பு அல்ல. அன்றைக்கே வார்டனிடமோ கவுன்சிலரிடமோ நீங்கள் நம்புகிற ஆசிரியரிடமோ சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண் இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

நிர்வாகத்துக்கும் இரண்டு வார்த்தை. பயிற்சி கொடுக்காமல் பிள்ளைகளை இறக்கிவிடாதீர்கள். அமெரிக்காவில் சி.ஆர்.எல்.ஏ. என்ற அமைப்பு கல்லூரிகளின் பயிற்சித் திட்டங்களுக்கு அங்கீகாரம் தருகிறது. அதன் முதல் நிலைக்கு ஒரு மாணவர் 10 மணி நேரம் பயிற்சி எடுத்து, 25 மணி நேரம் சொல்லித்தந்திருக்க வேண்டும். பத்து மணி நேரம் நமக்கும் பெரிய சுமை அல்ல, இரண்டு சனிக்கிழமை. அடுத்தது பணம். அங்கே இது மணிக்கு இவ்வளவு என்று கூலி தருகிற வேலை. இங்கே சான்றிதழும் சால்வையும் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். மாலையில் கேட்டரிங் வேலைக்குப் போய்ச் செலவுக்குச் சம்பாதிக்கிற மாணவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். அவர்களில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கையில் கொஞ்சம் காசு கொடுத்தால்தான் அவர்களால் இந்தப் பக்கம் வர முடியும். அது இல்லாவிட்டால் வசதியுள்ள பிள்ளைகள் மட்டுமே சொல்லித்தருவார்கள்.

இதிலிருந்து நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பெயர் கொடுத்தவர்கள் பட்டியலை எனக்குக் காட்டினார்கள். எல்லோரும் ஒன்பதுக்கு மேல் சி.ஜி.பி.ஏ. வைத்திருப்பவர்கள். திறமைசாலிகள் வருவது நல்லதுதான். ஆனால் அரைப் புலமை சொல்லித்தருவதில் கிடைக்கிறது என்றால், அந்த வாய்ப்பை ஏற்கெனவே முன்னால் நிற்கிறவர்களுக்கு மட்டும் கொடுப்பது என்ன நியாயம்? முன்னால் இருப்பவன் இன்னும் முன்னால் போவான். அரியர் வைத்து இரண்டாம் முறை எழுதிப் பாஸானவனுக்கு அந்த அரைப் பங்கு கடைசிவரை கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு. சுலபமாகக் கடந்துபோனவருக்குப் பள்ளம் எங்கே இருந்தது என்று ஞாபகம் இருப்பதில்லை. நான்கு படிகளை ஒரே வரியில் எழுதிவிட்டு, இது தெரிந்ததுதானே என்பார். விழுந்து எழுந்தவனுக்கு ஒவ்வொரு படியும் நினைவிருக்கிறது. எந்த இடத்தில் மைனஸ் குறி தொலையும், எந்த வார்த்தையைக் கேட்டதும் பயம் வரும் என்று அவனுக்குத் தெரியும். எழும்பூரில் ஃப்ரிஸ்கென் சிறப்பாகச் சொல்லிக்கொடுத்ததற்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் கட்சி: எழுத்துப் பழகிய கஷ்டம் அவனுக்கு நேற்றைய சமாச்சாரம். பாடத்தைச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும், அதில் சமரசம் இல்லை. எத்தனையாவது முயற்சியில் தெரிந்துகொண்டான் என்பது நமக்கு வேண்டாத கேள்வி.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று பேருக்கு. முதல்வர் அவர்களே, தேர்வு முறையிலிருந்து கிரேடு வரம்பை எடுத்துவிடுங்கள். அந்தப் பாடத்தில் பாஸ், பத்து மணி நேரப் பயிற்சி, இரண்டும் போதும். டாப்பர்களே, நீங்கள் தாராளமாக வாருங்கள். ஆனால் உங்கள் வகுப்பில் போன செமஸ்டர் அரியரை முடித்த நண்பன் ஒருவனையும் கையோடு கூட்டி வாருங்கள். நாளைக்கு இங்கே பாடம் கேட்க வரப்போகும் முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகளே, எம் ஒன் பாஸானதோடு உங்கள் கணக்கு முடிந்துவிடவில்லை. அடுத்த வருஷம் இதே மேசையில் சொல்லித்தருகிறவர் பக்கம் உட்காருங்கள். உங்களுக்கு வரவேண்டிய பாதிப் படிப்பு அங்கேதான் பாக்கி இருக்கிறது.